கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை

கேள்வி இது: 19-ஆம் நூற்றாண்டில் பெண்கள் கல்லூரி ஒன்றில் சேர்ந்த பெண்ணின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்? உண்மையிலேயே படித்தார்களா, இல்லை பியானோவும் பூவேலையும் கற்றுக்கொண்டு கல்யாணத்துக்குத் திரும்பினார்களா?

ஊருக்கு ஊர் நிலைமை வேறு என்பதால், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு கல்லூரியை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துக்கு வெளியே இருக்கும் கர்ட்டன் கல்லூரி. பெண்கள் தங்கிப் படித்து, பல்கலைக்கழகத்தின் பட்டத் தேர்வுகளையே எழுத வேண்டும் என்று தொடங்கப்பட்ட முதல் ஆங்கிலக் கல்லூரி அது. சுருக்கமாகக் கேட்டால், படித்தார்கள், கடுமையாகவே படித்தார்கள். ஆனால் அவர்களுடைய கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் படித்தால், படிப்புக்குச் சமமாக இன்னொன்றைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது தெரியும். அது அவர்களுடைய அறை.

முதலில் ஆரம்பக் கதை. எமிலி டேவிஸ் ஒரு பாதிரியாரின் மகள். அண்ணன் கேம்பிரிட்ஜில் படித்தார், எமிலிக்கு அந்த வழி இல்லை. அந்தக் குறையை அவர் வாழ்நாள் வேலையாக மாற்றிக்கொண்டார். கேம்பிரிட்ஜ் நடத்திய பள்ளி அளவிலான தேர்வுகளைப் பெண்களும் எழுதலாம் என்பதை 1865-இல் சாதித்தார். அடுத்தது கல்லூரி. தோழி பார்பரா போடிஷோன் 1000 பவுண்டு தர முன்வந்தார். 1869 அக்டோபர் 16 அன்று, ஹிட்சின் என்ற சிற்றூரில் வாடகைக்கு எடுத்த பென்ஸ்லோ ஹவுஸ் என்ற வீட்டில் ஐந்தே ஐந்து மாணவிகளோடு கல்லூரி தொடங்கியது.

ஏன் ஹிட்சின்? கேம்பிரிட்ஜிலேயே வீடு பிடித்திருந்தால் இளைஞர்கள் நடுவில் பெண்கள் என்று பேச்சு கிளம்பியிருக்கும். ஹிட்சின் ரயில் பாதையில் இருந்தது. பேராசிரியர்கள் கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலேறி வந்து, பாடம் நடத்திவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பினார்கள். கால அட்டவணையைத் தீர்மானித்தது ரயில் நேரம்தான்.

அந்த ஐந்து பேரும் சாப்பிட உட்கார்ந்த விதம் எனக்குப் பிடித்த காட்சி. ஆண்கள் கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கு மேல்மேசை தனி, மாணவர்களுக்கு நீள மேசை தனி. ஐந்து பேருக்கு இதெல்லாம் எதற்கு என்று டேவிஸ் நினைக்கவில்லை. ஒரு சின்ன வீட்டின் சாப்பாட்டு அறையில் மேல்மேசை போட்டு, மாணவிகளை நூறு பேர் இருக்கும் கல்லூரியில் உட்கார்வதுபோல வரிசையாக உட்காரவைத்தார். அந்த மாணவிகளில் ஒருவரான லூயிசா லம்ஸ்டன் அந்தச் சம்பிரதாயத்தைப் பிற்காலத்தில் விவரித்து எழுதியிருக்கிறார். ஆண்கள் கல்லூரியில் இருப்பது எல்லாம் இங்கேயும் இருக்கவேண்டும், ஒன்றுகூடக் குறையக்கூடாது என்பது டேவிஸின் பிடிவாதம்.

இந்தப் பிடிவாதத்தின் முழுச் சுமையும் படிப்பில்தான் இறங்கியது. பெண்களுக்கென்று கொஞ்சம் எளிமையான தனித் தேர்வு வைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள் பலர் இருந்தார்கள். டேவிஸ் மறுத்துவிட்டார். தனித் தேர்வு என்றாலே மட்டமான தேர்வு என்றுதான் உலகம் எடுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஆண்கள் எழுதும் முதல்நிலைத் தேர்வு, அதில் வரும் கிரேக்கம், லத்தீன், கணிதம், அதே கால அளவு, எல்லாம் அப்படியே. இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். எட்டு வயதிலிருந்து லத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்து வளர்ந்த பையனோடு, பதினெட்டு இருபது வயதில் கிரேக்க எழுத்தையே புதிதாகப் பார்த்த பெண் போட்டி போட வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் வருடக் கல்லூரி வகுப்பில் ஆங்கிலப் பாடம் கேட்டுத் திகைத்து உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பயம் எப்படிப்பட்டது என்று சொல்லாமலே புரியும்.

அந்தத் தேர்வுகளை எழுத அவர்களுக்கு உரிமையும் கிடையாது. தேர்வாளர்கள் மனம் வைத்தால் கேள்வித்தாளைக் கொடுப்பார்கள், விடைத்தாளைத் திருத்தி முடிவைத் தனியாகச் சொல்வார்கள். எல்லாம் தனிப்பட்ட தயவு. 1873-இல் முதன்முதலாக மூன்று பேர் டிரைபாஸ் எனப்படும் சிறப்புப் பட்டத் தேர்வு எழுதினார்கள். மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டடத்தில் எழுத, இவர்கள் கேம்பிரிட்ஜில் ஒரு ஓட்டல் அறையில், கேள்வித்தாள் ஆள் மூலம் வந்து சேரும்வரை காத்திருந்து எழுதினார்கள். சாரா உட்ஹெட் கணிதத்திலும், ரேச்சல் குக், லூயிசா லம்ஸ்டன் இருவரும் செவ்வியல் மொழிகளிலும் தேறினார்கள். மூன்று பேரின் பெயரையும் வைத்து மாணவிகள் ஒரு பாட்டுக் கட்டினார்கள். ‘பிரிட்டிஷ் கிரனடியர்ஸ்’ என்ற ராணுவ மெட்டில் பாடுவது. அதற்கப்புறம் வந்த தலைமுறைகளும் அதைப் பாடிக்கொண்டிருந்தன.

ஆக, அறைக்கு வருகிறேன்.

1873 அக்டோபரில் கல்லூரி ஹிட்சினை விட்டு, கர்ட்டன் கிராமத்தை ஒட்டிக் கட்டிய சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. ஆல்பிரட் வாட்டர்ஹவுஸ் வரைந்த சிவப்புச் செங்கல் கட்டடம். கேம்பிரிட்ஜ் நகரத்திலிருந்து இரண்டரை மைல். மாணவிகள் குடிவந்தபோது வேலை முழுதாக முடியவில்லை, மரமில்லாத வெட்டவெளி, காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆனால் ஒவ்வொரு மாணவிக்கும் இரண்டு அறைகள். படுக்க ஒன்று, உட்கார்ந்து படிக்க ஒன்று. படிக்கும் அறையில் கணப்பு, மேசை, சாத்திக்கொள்ளக் கதவு.

இன்றைக்குக் கேட்டால் இது வசதி பற்றிய பேச்சாகத் தோன்றும். அன்றைய நடுத்தர வர்க்கத்து வீட்டில் திருமணமாகாத மகளின் நாளை நினைத்துப் பாருங்கள். காலை உணவுக்கு அப்புறம் அம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினொரு மணிக்கு யாரோ பார்க்க வருவார்கள், உட்கார்ந்து பேச வேண்டும். அத்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அவள்தான் போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் கையில் புத்தகம் இருந்தால் அவள் சும்மா இருக்கிறாள் என்று பொருள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். அவளுடைய நேரம் வீட்டில் எல்லோருக்கும் சொந்தம், அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. (எங்கள் வீட்டிலும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் அண்ணனை யாரும் எழுப்ப மாட்டார்கள். நான் படித்துக்கொண்டிருந்தால் பால் பொங்குகிறதா என்று பார்க்கச் சொல்லிக் குரல் வரும். இது 1990-களில்.) அந்த நிலையிலிருந்து வந்த ஒருத்திக்கு, கதவைச் சாத்தினால் மூன்று மணி நேரம் யாரும் தட்டமாட்டார்கள் என்பது புது அனுபவம். கிரேக்கத்தைவிடவும் புதிது என்று சொல்வேன்.

கான்ஸ்டன்ஸ் மேனார்ட் என்று ஒருவர். 1872-இல் ஹிட்சினில் சேர்ந்தபோது அவருக்கு வயது 23. கடுமையான பக்தி நிறைந்த குடும்பம். கல்லூரிக்குப் போகவேண்டும் என்று கேட்டபோது, அந்த யோசனையை விட்டுவிட்டால் புதுக் குதிரைக்குட்டி வாங்கித் தருகிறேன் என்றாராம் அப்பா. மகள் கல்லூரிதான் என்று நின்றார். ஹிட்சினின் கடைசி வருடத்தையும் கர்ட்டன் கட்டடத்தின் முதல் வருடங்களையும் பார்த்தவர் அவர். மனத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிய தத்துவப் பிரிவில் டிரைபாஸ் எழுதிய முதல் கர்ட்டன் மாணவியும் அவர்தான். இவரைப் பற்றி முடிவில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்? காலை எட்டு மணியளவில் வழிபாடு, அப்புறம் காலை உணவு. பகலில் விரிவுரை. மற்ற நேரம் அறையில் படிப்பு. மதிய உணவுக்கு மணி அடித்து எல்லோரும் கூட வேண்டியதில்லை, குறிப்பிட்ட இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் போய்ச் சாப்பிட்டு வரலாம். இரவு உணவு மட்டும் எல்லோரும் சேர்ந்து, முறையாக உடையணிந்து. ஒரு நாளைக்கு மூன்று முறை வருகைப் பதிவேட்டில் பெயரைக் குறிக்க வேண்டும். ஹாஸ்டலில் இருந்த பெண்களுக்கு இந்தப் பதிவேட்டை விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஆறரைக்குக் கையெழுத்துப் போட மூச்சிரைக்க ஓடியவள் நானும்.

இரவு பத்து மணி சுமாருக்குத்தான் கல்லூரி கலகலப்பாகும். ஒருத்தியின் அறைக் கணப்பில் கெட்டிலை வைத்து, கோகோ கலக்கி, நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து பேசுவார்கள். கடவுள் உண்டா என்பதிலிருந்து நாளைய விரிவுரை வரை. கோகோவுக்கு அழைப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது, முதலாண்டு மாணவியை மூத்த மாணவி கூப்பிட்டால் அது பெருமை.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதிலும் ஒரு முறை இருந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் ‘மிஸ்’ போட்டுக் குடும்பப் பெயரால்தான் கூப்பிட வேண்டும். நட்பு கனிந்தபின், இனிமேல் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று மூத்தவர் முறையாகக் கேட்பார். அதற்கு ‘பிராப்’ செய்வது என்று மாணவிகள் பேச்சில் பெயர். இளையவர் தானாகக் கேட்கக்கூடாது. நம் மொழியில் ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று நாள் சொல்ல முடியாது, அது தானாக நழுவிவிடும். அவர்களுக்கு அந்த நாள் தெரியும், அந்தக் கோகோக் கோப்பையும் நினைவிருக்கும்.

இதையெல்லாம் கேட்டு முழு விடுதலை என்று எண்ணிவிடக் கூடாது. கல்லூரிக்குள் இருந்த சுதந்திரம் வாசலோடு நின்றது. கேம்பிரிட்ஜில் நடக்கும் விரிவுரைக்குப் போக வேண்டுமென்றால் வாடகைக் குதிரை வண்டியில், கூடவே துணைக்கு ஒரு பெரியம்மாள். விரிவுரை முடியும்வரை அவரும் உட்கார்ந்திருப்பார். 1890-கள் வரை இந்த ஏற்பாடு நடந்தது. அறைக்கு ஆண்கள் வருவதென்றால் அப்பா, உடன்பிறந்தவர்கள், அவ்வளவுதான். ஊராரின் ஒரு முணுமுணுப்பு போதும் கல்லூரியை மூட, என்ற கவலை டேவிஸுக்கு எப்போதும் இருந்தது. 1871-இல் ஹிட்சினில் மாணவிகள் தங்களுக்குள் ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகளை நடித்தார்கள். ஆண் வேடத்துக்கு ஆண் உடை. டேவிஸ் அதிர்ந்துபோனார். மாணவிகள் விடவில்லை, எங்களுக்குள் நாங்கள் நடித்ததில் என்ன தவறு என்று வாதாடினார்கள். எனக்கு மனசு மாணவிகள் பக்கம்தான். ஆனால் ஒரு நாடகத்தால் தேர்வு எழுதும் வாய்ப்பு பறிபோய்விடுமோ என்று தூங்காமல் கிடந்திருக்கக்கூடிய அந்தப் பெண்ணின் பயத்தையும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பருவத்துக்கு 35 பவுண்டு, வருடத்துக்கு 105. பணக்கார வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்த ஆசிரியைகளில் பெரும்பாலோருக்கு ஓராண்டுச் சம்பளம் அதில் பாதிகூட இருக்காது. அப்புறம் அந்தக் கணப்புக்குக் கரி தூக்கி வந்தவர்கள், வெந்நீர் கொண்டுவந்து வைத்தவர்கள், எல்லோரும் வேலைக்காரப் பெண்கள். மாணவிகளுக்குக் கிடைத்த நேரத்தின் ஒரு பகுதி அவர்களுடைய உழைப்பில் வந்தது. அமெரிக்காவில் மேரி லயன் 1837-இல் தொடங்கிய மவுண்ட் ஹோலியோக்கில் வேறு வழி பிடித்தார்கள். கட்டணம் குறைய வேண்டும் என்பதற்காக மாணவிகளே தினமும் சுமார் ஒரு மணி நேரம் வீட்டு வேலை பார்த்தார்கள். 1847-இல் அங்கே சேர்ந்த கவிஞர் எமிலி டிக்கின்சனுக்கு வந்த வேலை, சாப்பாட்டு மேசையின் கத்திகளை எடுத்துப் போவதும் இரவில் அவற்றைக் கழுவித் துடைப்பதும். அவரே தோழிக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கர்ட்டனில் வசதியில்லாதவர்களும் படித்தார்கள் என்பதற்கு சாரா மார்க்ஸ் சாட்சி. கடிகாரம் செய்பவரின் மகள், யூதக் குடும்பம், அவருடைய சிறுவயதிலேயே அப்பா இறந்துவிட்டார். பார்பரா போடிஷோனும் நண்பர்களும் பணம் திரட்டிக் கொடுக்க, 1876-இல் சேர்ந்தார். ஹெர்த்தா அயர்ட்டன் என்ற பெயரில் பிற்காலத்தில் மின்வில் (இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரம் ஒளிவிட்டுப் பாய்வது) ஆராய்ச்சிக்காகப் புகழ்பெற்றவர் இவர்தான். படிக்கும்போதே நாடித்துடிப்பைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைச் செய்தார், சேர்ந்திசைக் குழுவை நடத்தினார், மாணவிகளின் தீயணைப்புப் படையையும் தொடங்கினார். தீயணைப்புப் படை விளையாட்டுக்கு வைத்ததில்லை. நகரத்திலிருந்து இரண்டரை மைல், அறைக்கு அறை கணப்பு. தீப்பிடித்தால் ஆள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே வாளிகளோடும் கைப்பம்புகளோடும் மாணவிகள் முறைபோட்டுப் பயிற்சி எடுத்தார்கள்.

சாராவோடு அதே ஆண்டு சேர்ந்தவர் சார்லட் ஆங்கஸ் ஸ்காட், வயது 18. இருவரும் சேர்ந்து ஒரு கணிதக் குழு வைத்துக்கொண்டு, கணக்குகளைத் தேடிப்பிடித்துப் போட்டுப் பார்த்தார்கள். 1880 ஜனவரியில் ஸ்காட் கணித டிரைபாஸ் எழுதினார். ஒன்பது நாள், மொத்தம் ஐம்பது மணி நேரம். இந்தத் தேர்வில் முதல் வகுப்பில் வருபவர்களுக்கு ‘ராங்லர்’ என்று பெயர், இந்தியாவில் கணிதப் பேராசிரியர் ஆர். பி. பராஞ்சபே பெயரோடு நாம் கேட்டிருக்கும் அதே பட்டம். ஸ்காட் எடுத்த மதிப்பெண் எட்டாவது ராங்லருக்குச் சமம். பட்டியலில் பெயர் வராது. முடிவை வாசிக்கும் செனட் ஹவுஸ் நிகழ்ச்சிக்கு அவர் போகவும் முடியாது. ஆனால் செய்தி கசிந்துவிட்டது. ஏழு பெயர்கள் வாசித்து எட்டாவதுக்கு வந்ததும், மாடத்தில் நின்ற மாணவர்கள் ‘கர்ட்டனின் ஸ்காட்!’ என்று கூவிய கூச்சலில் வாசித்த பெயர் காதில் விழவில்லை. தொப்பிகள் பறந்தன.

அன்று இரவு கர்ட்டனில் இரு பக்கமும் மாணவிகள் வரிசையாக நின்று கைதட்ட ஸ்காட்டை அழைத்து வந்தார்கள், வெற்றி வீரன் வருகிறான் என்ற பாட்டைப் பாடினார்கள், வாகை இலைக் கிரீடம் சூட்டினார்கள். பட்டம் தராத பல்கலைக்கழகத்துக்கு வெளியே, இரண்டரை மைல் தள்ளி, இந்தப் பெண்கள் தாங்களே ஒரு பட்டமளிப்பு விழா நடத்திக்கொண்டார்கள். அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு போனது. 1881 பிப்ரவரி 24 அன்று, பெண்கள் தேர்வு எழுதுவது உரிமை என்று பல்கலைக்கழகத்தின் முடிவெடுக்கும் அவையான செனட் வாக்களித்தது. தயவு போய் உரிமை வந்தது. பட்டம் மட்டும் இல்லை.

இத்தனைக்கும் நடுவே மருத்துவர்கள் வேறு பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். மூளைக்கு வேலை கொடுத்தால் பெண்ணின் உடம்பு கெடும், பிள்ளை பெற முடியாமல் போகும் என்று 1874-இல் ஹென்றி மாட்ஸ்லி எழுதினார். டேவிஸின் தோழியும் மருத்துவருமான எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அதே ஆண்டு பதில் எழுதினார். படிப்பைவிட, செய்வதற்கு ஒன்றுமில்லாத சலிப்புதான் இளம்பெண்களை நோயாளியாக்குகிறது என்பது அவர் வாதம். அந்த இரண்டு அறைகளுக்குள் வந்தபின் எழுந்த உற்சாகத்தைப் படித்தவர்களுக்கு அவர் சொன்னது சரியென்று தோன்றும். பக்கத்து நியூனம் கல்லூரியின் எலினார் சிட்ஜ்விக், படித்த பெண்களின் ஆரோக்கியத்தை அவர்களுடைய சொந்த அக்கா தங்கைகளின் ஆரோக்கியத்தோடு ஒப்பிட்டு 1890-இல் புள்ளிவிவரமே வெளியிட்டார். படித்தவர்கள் நலமாகவே இருந்தார்கள். டென்னிஸ், ஜிம்னாசியம், பின்னால் ஹாக்கி, சைக்கிள் என்று ஓடியாடவும் செய்தார்கள்.

1887-இல் கர்ட்டனின் அக்னாட்டா ராம்சே செவ்வியல் மொழித் தேர்வில் முதல் வகுப்பின் முதல் பிரிவில் தனியொருவராக நின்றார், ஆண்களில் ஒருவர்கூட அந்த இடத்தில் இல்லை. 1890-இல் நியூனமின் பிலிப்பா பாசெட் கணிதத்தில் முதல் ராங்லரையும் தாண்டினார். இனியும் பட்டம் தராமல் இருக்க முடியுமா என்று தோன்றும். 1897 மே மாதம் அதற்கு வாக்கெடுப்பு வந்தபோது, சைக்கிள் ஓட்டும் பெண்ணின் கொடும்பாவியைச் செனட் ஹவுஸுக்கு எதிரே தொங்கவிட்டு மாணவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. பதினேழு வருடங்களுக்கு முன் ஸ்காட்டுக்காகத் தொப்பியை வீசிய அதே இடம். இதை எப்போது படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-இல்தான். இடையில், 1904 முதல் 1907 வரை, சுமார் 700 பெண்கள் கப்பலேறி டப்ளின் போய் அங்குள்ள டிரினிட்டி கல்லூரியில் தங்கள் படிப்புக்கான பட்டத்தை வாங்கி வந்தார்கள்.

நம் பக்கத்துத் தொடர்பைக் கேட்பவர்களுக்கு: சரோஜினி நாயுடு 1895-இல் 16 வயதில் இங்கிலாந்து போய், லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் அப்புறம் கர்ட்டனிலும் படித்து 1898-இல் திரும்பினார். ஆனால் சென்னைக்கு நேராக வரும் கோடு வேறு. குதிரைக்குட்டியை வேண்டாமென்ற கான்ஸ்டன்ஸ் மேனார்ட் 1882-இல் லண்டனில் வெஸ்ட்பீல்டு என்ற பெண்கள் கல்லூரியைத் தொடங்கினார். அதுவும் ஐந்து மாணவிகளோடுதான் தொடங்கியது. அந்த வெஸ்ட்பீல்டில் விரிவுரையாளராக இருந்த எலினார் மெக்டூகல் 1915-இல் கப்பலேறிச் சென்னை வந்து, புதிதாகத் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல் முதல்வரானார். 1938 வரை இருந்தார். தொடங்கிய அடுத்த ஆண்டே, 1916-இல், கல்லூரி குடிபோன டவுட்டன் ஹவுஸ் இன்றும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் நிற்கிறது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் வெள்ளைத் தூண்கள் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பது என் வழக்கம்.